உவேலி விழுந்த சண்டை

வெடிமருந்துக்கு உப்புச் சுவை. அதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது... தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்கும்போது கொஞ்சம் நாக்கில் ஒட்டிவிடும். பிறகு நாள் முழுக்கத் தண்ணீர் விடாய்.

போன கிழமை நான் இங்கே போட்ட நீலச் சீருடைப் படத்தைப் பார்த்துவிட்டு, "உது என்ன கோலம் அண்ணை?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குச் சுவிஸில், எம்மன்புரூக்கேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதே ஷிஃப்டில் நின்றவன் உவேலி, என் வயதுக்காரன். அவன் ஒரு ஃபெரைனில், அதாவது ஒரு சங்கத்தில் இருந்தான். இருநூறு வருடத்துக்கு முந்திய சண்டைகளை, அந்தக் காலத்து உடுப்போடும் துவக்கோடும் வயல்வெளியில் நடித்துக் காட்டுகிற கூட்டம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் படம் காட்டினான். அந்தப் பித்தளைப் பொத்தான்கள் எனக்குப் பிடித்துப்போயின. உண்மையாக அவ்வளவுதான் காரணம்.

என் மனைவி ரஜனிக்குச் சொன்னேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் லீவு போட்டுச் சண்டைக்குப் போறியளோ?"

"உது விளையாட்டு ரஜனி. குண்டு இல்லை, வெறும் மருந்துதான்."

அவளுடைய அண்ணன் ஷெல் விழுந்து செத்தவர். அந்தக் கதையை அவள் எடுப்பதேயில்லை.

ஆனாலும் போனேன்...

குளிர்காலம் முழுக்கப் பயிற்சி. மருந்து நிரப்ப, அடிவைத்து நடக்க, விழ. ஓம், விழுவதற்கும் பயிற்சி உண்டு. துவக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் விழ வேண்டும். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டால் வெயில் சுடாது. யாருக்காவது உண்மையாகவே ஏதும் நடந்தால், கண்டவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்து "ஸ்டோப்" என்று கத்த வேண்டும். புது ஆளும் கத்தலாம்.

என் முதல் சண்டை பாடனுக்குக் கிட்ட ஒரு கிராமத்தில். நாங்கள் பிரெஞ்சுப் படை, எதிரே ஒஸ்ரியா நாட்டுப் படை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் சனம் நிறைந்து நின்றது.

காலையில் எங்கள் வரிசையில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில உங்களைப் போல ஆக்கள் இருந்திருப்பினமோ?" என்று கேட்டார்.

"பிரெஞ்சுக்காரர் போற இடமெல்லாம் ஆள் சேர்த்தவை," என்றான் உவேலி. அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். ஆனால் நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு நான் ஒரு பிழையும் விடக்கூடாது...

மேளம் அடிக்கத் தொடங்கியது. எந்த வெடிக்கு யார் சாக வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். உவேலி கடைசிவரை நிற்க வேண்டியவன்.

அவன் இரண்டாவது வெடிக்கே விழுந்தான்.

"உவேலிக்குக் களைச்சுப் போச்சு, வெள்ளனச் செத்திட்டான்," என்று பக்கத்தில் நின்றவர் சிரித்தார். கம்பளிச் சட்டையோடு வெயிலில் நிற்க ஏலாமல் சிலர் அப்படி முன்கூட்டியே செத்துவிடுவது வழக்கம்தான். வரிசை முன்னே போனது. நானும் அவனைத் தாண்டி அடிவைத்தேன்.

தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். துவக்கு அவனுக்கு அடியில் கிடந்தது. தொப்பி எங்கேயோ உருண்டிருந்தது. முகம் புல்லுக்குள்...

"உவேலி," என்றேன். அசையவில்லை.

கத்தலாமா? அவன் நடிக்கிறான் என்றால்? இவ்வளவு சனத்துக்கு முன்னால், முதல் நாளே, நான்தான் முழுச் சண்டையையும் குழப்பியவன் ஆவேன். எதிரே ஒஸ்ரியர்கள் துப்பாக்கி முனைக் கத்திகளை நீட்டியபடி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் பீரங்கிக்கு மருந்து அடைக்கிறார்கள். "நிரப்பு," என்று கட்டளை வந்தது. என் கை தன்பாட்டில் அடுத்த தோட்டாவை எடுத்தது.

அதைக் கடிக்கவில்லை. துவக்கைக் கீழே போட்டுவிட்டு வரிசையைவிட்டு ஓடி வந்தேன். அவனைப் பிரட்டினேன். உதடு நீலம்.

கையைத் தூக்கிக் கத்தினேன். வாயில் வந்தது தமிழ். "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ." சனம் கைதட்டியது. நல்ல நடிப்பு என்று நினைத்திருக்கும். பிறகுதான் அந்தச் சொல் வந்தது. ஸ்டோப். தொண்டை கிழியக் கத்தினேன்.

முதலில் கண்டது எதிரிப் படைத் தலைவர். அவரும் கைகளைக் குறுக்கே தூக்கினார். மேளம் நின்றது. பீரங்கிக்காரர் பின்வாங்கினார்கள். ஒஸ்ரியச் சீருடையில் இருந்த ஒரு பெண், உண்மையில் தாதியாக வேலை செய்பவள், ஓடி வந்து அவன் நெஞ்சை அமத்தத் தொடங்கினாள். களைத்தபோது நான் அமத்தினேன். அந்த வெளியில் ஒரு சத்தமும் இல்லை. அம்புலன்ஸ் வரும்வரை, அவன் ஒருமுறை இருமும்வரை...

உவேலி பிழைத்துக்கொண்டான். மாரடைப்பு. உடனே கண்டதால் தப்பினான் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள்.

நான் பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். முகம் முழுக்கக் கரி.

"வெண்டியளோ தோத்தியளோ?" என்று ரஜனி கேட்டாள்.

"பாதியில நிப்பாட்டிப் போட்டினம்."

நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, "நீங்கள் கத்தினவுடன எல்லாரும் நிப்பாட்டிச்சினமோ?" என்றாள்.

"ஓம்."

"ரண்டு பக்கமும்?"

"ஓம். ரண்டு பக்கமும்."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

அப்போது வரிசையில் நான் ஒருவன்தான் தமிழன். இப்போது பாடனிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், என்னை ஒருவரும் மேலும் கீழும் பார்ப்பதில்லை. உவேலி துவக்கைக் கைவிட்டுக் கொடி பிடிக்கிறான். நாங்கள் கையால் தைத்த உடுப்பைப் புதியவர்கள் ஒன்லைனில் எடுக்கிறார்கள்.

ரஜனியும் இப்போதெல்லாம் வருகிறாள். பீரங்கி வெடிக்கும்போது மட்டும் கார் நிற்கிற பக்கம் போய்விடுவாள். புகை அடங்கியதும் கயிற்றடிக்கு வந்து நிற்பாள்... அந்த நேரம்தான், விழுந்து கிடந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக எழும்பி, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிடுவார்கள். கடைசி ஆள் எழும்பும்வரை அவள் அங்கேயே நிற்பாள்.