முழங்கைக்குச் சரிந்த வளையல்கள்

ஆடிப்பூரத்தன்று அம்மனுக்குச் சாத்திய வளையல்களைக் கோயிலில் கொடுக்கும்போது எல்லாப் பெண்களும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நானும் ஒற்றிக்கொள்வேன். ஆனால் போட்ட உடனே, அது மணிக்கட்டில் இறுக்கமாக நிற்கிறதா என்று பார்ப்பேன். அந்தப் பயம் எனக்குப் பெரியம்மாவால் வந்தது.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் அடுத்த வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். பிள்ளை இல்லை. நாற்பதைத் தாண்டி வெகுநாளாகியும் ஆடிப்பூரத்துக்கு மடியேந்தி அந்தப் பச்சை வளையல்களை வாங்கிப் போட்டுக்கொள்வார். ஒரு வருஷம், வளையல் போட்ட சில வாரங்களில் அவர் வயிறு உப்பத் தொடங்கியது. மாதவிலக்கும் நின்றுபோயிருந்தது. வேறென்ன நினைப்போம்? அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று அம்மா மாவிளக்குப் போட்டார். "பேரன் எடுக்குற வயசுல தொட்டில் கட்டப் போறீங்களே, வெக்கமா இல்லையா" என்று தெருப்பெண்கள் கேலி செய்தார்கள். பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

குறுவை நெல் விளைந்து நின்ற நேரம் அது. கூலியை உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று ஆட்கள் வயலில் இறங்கவில்லை. வெளியூர் ஆட்களை இறக்கினால் வெட்டுக்குத்து வரும் என்று பேச்சு. மதகடியில் போலீஸ் வேன் நின்றது. ஆண்கள் கதிர் உதிர்வதைப் பற்றியே பேசினார்கள். பெரியம்மா இரண்டு வாய் சோற்றோடு தட்டை நகர்த்திவிடுவதையும், கொல்லைப்பக்கம் அடிக்கடி எழுந்து போவதையும் மசக்கை என்றே எடுத்துக்கொண்டோம்.

ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அவர் மெல்லச் சொன்னார். "உள்ள ஒண்ணும் அசையலடி. கனமா மட்டும் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"வாயக் கழுவுக்கா. அம்மன் குடுத்தத சந்தேகப்படாத," என்றார் அம்மா.

பெரியம்மா தலைமுடியை அள்ளி முடியக் கையைத் தூக்கினார். ஆடியில் சோப்புப் போட்டு ஏற்றிய வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்து ஓடின. வயிறு வளர வளர, கை குச்சியாகிக்கொண்டிருந்தது. அம்மா புடைப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கூலி பேசி, அறுப்பு முடிந்த பிறகுதான் பெரியப்பா தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். சினைப்பையில் புற்று, வயிறு முழுக்க நீர் கோத்திருக்கிறது, முற்றிவிட்டது என்றார்கள். பொங்கலுக்கு அவர் இல்லை.

அம்மன்மேல் எனக்குக் குறை இல்லை. "பயமா இருக்கு" என்று பெரியம்மாவைச் சொல்லவைத்தது அவள்தான் என்று நம்புகிறேன். காது கொடுக்காதது நாங்கள்.

எனக்கும் இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த ஆடி முடிந்ததிலிருந்து தினமும் வயிறு உப்புசம். கொஞ்சம் சாப்பிட்டாலே நெஞ்சு வரை நிறைந்துவிடுகிறது. அடிவயிற்றில் ஒரு கனம். "ஏம்மா, வாயுத்தொல்லைக்குத் தஞ்சாவூர் வரைக்குமா? ஓமத்தண்ணி குடிங்க" என்றாள் மகள். பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தாள். டாக்டரம்மாவும் வாயுவாக இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், அதுவும் மாதவிலக்கு நின்ற வயதில், பார்த்துவிட வேண்டும், குடும்பத்தில் யாருக்காவது இந்தப் புற்று இருந்திருந்தால் தள்ளிப்போடவே கூடாது என்று, ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார்.

இன்று காலை ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார்த்தேன். பச்சை வளையல் மணிக்கட்டை விட்டு நகரவில்லை. பயமும் நகரவில்லை.

"உங்க பேரத்தாம்மா கூப்புடுறாங்க," என்றாள் மகள்.

வளையல் சரியும்வரை காத்திராமல் வந்துவிட்டேன் தாயே, என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன்.