ரத்தம் வரட்டும் என்று கேட்டேன்

செத்த சதையின் நாற்றம் என் வாயிலிருந்தே வந்தது. நாற்பது வருஷம் தேங்காய்த்திட்டில் மீன் விற்றவள் நான். அழுகல் நாற்றம் எனக்குத் தெரியாதா?

எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் மாதா திருவிழாவுக்கு முந்தின வாரம் கடைவாய்ப் பல் வலி. சுவரில் தலையை மோதினேன். பித்தளைச் சொம்பை எறிந்து கண்ணாடியை உடைத்தேன். உப்பளத்து டாக்டரம்மா, வேர் சிகிச்சைக்கு மூன்று தடவை வா என்றாள். எனக்கா பொறுமை? தவளக்குப்பத்தில் பல் கட்டுகிற ஒருவனிடம் போனேன். படித்த டாக்டர் இல்லை. நரம்பைச் சாகடிக்கிற மருந்து என்று பல் குழியில் எதையோ அடைத்தான். "மூணாம் நாள் வந்துடு ஆயா, இத எடுக்கணும்" என்றான்.

மறுநாள் வலி போச்சு. அன்றைக்கே மாதா கோயிலில் திருவிழாக் கொடியும் ஏறியது. கொடி இறங்கும்வரை எங்கள் குடும்பத்தில் யாரும் ஆற்றைத் தாண்ட மாட்டோம். தவளக்குப்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதனால் போகவில்லை. வலிதான் இல்லையே. மாதா சுகம் கொடுத்துவிட்டாள் என்று கோயிலில் மைக்கைப் பிடித்து உங்கள் எல்லார் முன்னாலும் சாட்சி சொன்னேன். கை தட்டினீர்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கொடி இறங்கிய அன்று ஈறு கறுத்துப் போயிருந்தது. பல் ஆடியது. விரலால் தொட்டேன், சதை பிய்ந்து கையோடு வந்தது.

மீன் வெட்டுகிற கத்தியைக் கூடையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன். கொல்லத்தான் போனேன், மறைக்க மாட்டேன். அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்திக் கத்தியை ஓங்கினேன். "மாதாவே, என் கையைப் பிடி" என்று உள்ளே கத்தினேன். அதுதான் முதல் ஜெபம்.

அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். "வெட்டறதுன்னா அப்பறம் வந்து வெட்டு ஆயா! மொதல்ல அந்த மருந்து புட்டிய எடுத்துக்கினு டாக்டர்கிட்ட ஓடு!" என்றான்.

என் கை தானாக இறங்கியது.

புட்டியோடு உப்பளத்துக்கு ஓடினேன். டாக்டரம்மா அதைப் பார்த்ததும் முகம் மாறினாள். "இது பாஷாணம் ஆயா. இப்ப யாரும் பல்லுல வைக்கக்கூடாத மருந்து. கசிஞ்சு ஈறு, எலும்பு ரெண்டையும் கொன்னுடுச்சு."

"இன்னா செய்வ?"

"செத்ததை வெட்டிக்கினே போவேன். நல்ல ரத்தம் வர்ற எடத்துல நிறுத்துவேன். ரத்தமே வரலன்னா பெரிய ஆஸ்பத்திரி. தாடைல பாதி போயிடும்."

இரண்டு பல்லைப் பிடுங்கினாள். ஈற்றை அறுத்தாள். எலும்பைச் சுரண்டினாள். கரக் கரக் என்று மண்டைக்குள் கேட்டது. சில்லு சில்லாகத் தட்டில் விழுந்தது. ரத்தம் இல்லை. ஸ்டெல்லா என் காலைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, ஜெபம் பண்ணுங்க" என்று அழுதாள்.

செவுளைத் தூக்கி, சிவப்பு இருந்தால்தான் மீனைக் கூடையில் போடுவேன். அது ஞாபகம் வந்தது. "தாயே, போன தடவை கேட்காமலே உன் பேரைச் சொல்லிப் பெருமை அடித்தேன். மன்னித்துக்கொள். இப்போது கேட்கிறேன். ரத்தம் வரட்டும்."

இன்னொரு சுரண்டல். தொண்டையில் சூடாக, உப்பாக இறங்கியது. டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "வந்துடுச்சு ஆயா" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

தாடை தப்பியது. கன்னம் ஒரு பக்கம் உள்ளே போயிருக்கிறது. யாரும் பரிதாபப்பட வேண்டாம். மீன் ஏலத்தில் என் குரல் இன்னும் எல்லோர் குரலுக்கும் மேலேதான். தவளக்குப்பத்துக்காரன் கடையை மூடிவிட்டான். அவனுக்காகவும் ஜெபமாலை சொல்கிறேன். ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

இந்த வருஷம் மறுபக்கத்துப் பல்லுக்கு வேர் சிகிச்சை. மூன்று தடவையும் போனேன். "உள்ள இன்னா வைக்கற? காட்டு" என்றேன். ரப்பர் மாதிரி மெல்லிய குச்சியைக் காட்டினாள். பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

மூன்றாம் தடவை போனது கொடி ஏறியிருந்த நாளில்தான். ஆற்றைத் தாண்டவில்லை, ஆனால் தாண்ட வேண்டி வந்திருந்தாலும் தாண்டியிருப்பேன். மாதா அக்கரையிலும் இருக்கிறாள்.

பிள்ளைகளே, வலி நின்றதும் மைக்கைத் தேடி ஓடாதீர்கள். டாக்டரிடம் என்ன மருந்து என்று கேளுங்கள். மாதாவிடம் மனசைத் திறந்து கேளுங்கள். எனக்குக் கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள்.