கடைசிப் பெயர் கட்டாயம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் கடையிலிருந்து முதன்முதலாக வெளியூருக்கு, திருப்பூருக்கு, அனுப்பிய பார்சல் அப்படியே திரும்பி வந்து நின்றது.

கிழியவில்லை, நனையவில்லை. உள்ளே ஆறு பருத்திச் சேலைகளும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பிறகு ஏன் திரும்பியது? கொண்டுவந்தவரிடமே கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லேபிளைத் தொட்டுக் காட்டினார்.

"ஆள் இல்லைன்னு நீங்களே போட்டுத்தானம்மா அனுப்பிருக்கிய?"

எங்கள் பிரிண்டரில் வந்த லேபிள்தான். கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: பேச்சியம்மாள் இல்லை.

கடை என்றதும் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் தேடாதீர்கள். இது இணையக் கடை. என் தெருக்காரி மாரிச்செல்விக்கும் அவள் கணவருக்கும் நான்கு விசைத்தறிகள் இருக்கின்றன. சேலைகளை வாட்ஸ்அப்பில் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். எந்தக் கலர் இருக்கிறது, எது தீர்ந்தது என்று நாள் முழுக்கப் பதில் சொல்லியே ஓய்ந்துபோவாள். ஆள் வைத்து வெப்சைட் செய்யலாமென்றால், ஒரு படம் மாற்றக்கூட அந்த ஆளையே கெஞ்ச வேண்டும். நாமே கற்றுக்கொண்டால் என்ன?

இந்த யோசனையைச் சொன்னது நான். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். வாரத்துக்கு ஒரு பத்தி எழுதுகிற நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் சும்மாதானே இருக்கிறேன்!

ஒரு தையல் கடையின் மாடியில் ஜெபா டீச்சர் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறார். முப்பத்திரண்டு வயது. நான் கேள்வி கேட்டால் மட்டும் எழுந்து நின்று பதில் சொல்வார், பாவம். இணையக் கடை கட்டுவது எப்படி, அதுவும் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திறந்து பார்த்து மாற்றலாம் என்று விட்டிருக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை வைத்து. அதுதான் பாடம்.

டேட்டாபேஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும், இது நமக்கு ஆகாது என்று நோட்டை மூடினேன். டீச்சர் போர்டில் டேபிள் என்று ஒரு கட்டம் போட்டு, குறுக்கே வரிசை, நெடுக நிரல், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் என்று சொல்லச் சொல்ல... அட, இது நம்ம அட்மிஷன் ரிஜிஸ்டர் அல்லவா! இதை நான் கண்ணை மூடிக்கொண்டே எழுதியிருக்கிறேனே!

மூன்றாவது வாரம், நாங்கள் டேபிளில் ஏற்றிய மூன்று சேலைகள் விலையோடு திரையில் வந்து நின்றன. ஒன்றின் கையிருப்பை டேபிளில் பூஜ்யமாக்கிவிட்டுப் பார்த்தால், அதன் மேல் 'தீர்ந்தது' என்று தானாகவே எழுதிக்கொண்டது. இனிமேல் யாருக்கும் 'அது தீந்துட்டுக்கா' என்று பதில் போட வேண்டாம். மாரிச்செல்வி மானிட்டருக்குத் திருநீறு பூசப் போனாள். தடுக்க வேண்டியதாயிற்று.

முழுக் கடையையும் ஒன்றிலிருந்து எழுத எங்களால் ஆகாது. அதனால் ஓப்பன் சோர்ஸில் கிடைத்த ஒரு கடை மென்பொருளை இறக்கி, ஆங்கிலத்தில் இருந்ததையெல்லாம் தமிழாக்கினோம். ஆர்டர் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள்; இரண்டும் சேர்ந்துதான் லேபிளில் பெயராக அச்சாகும். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் – கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று அர்த்தம். அதைத் தமிழில் தட்டியது இதே விரல்கள்தான். நம் பக்கம் யாருக்கு ஐயா கடைசிப் பெயர் இருக்கிறது என்று ஒரு நொடி யோசித்தேனா? இல்லையே!

பார்சல் திரும்பிய அன்று வாடிக்கையாளர் டேபிளைத் திறந்து, கடைசிப் பெயர் நிரலை மட்டும் வரிசையாகப் படித்தேன். ஒருவர் 'ஆர்' என்று போட்டிருந்தார். ஒருவர் 'புளியங்குடி'. ஒருவர் 'தெரியாது'. இன்னொருவர் 'முன்னாடி சொன்னதுதான்'. ஒரே ஒருவர் துணிந்து 'எதுக்கு?' என்று எங்களையே கேட்டிருந்தார். அவர்களெல்லாம் பக்கத்து ஊர்க்காரர்கள். மாரிச்செல்வியின் கணவரே டூவீலரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதால், லேபிளை யாரும் கவனிக்கவில்லை.

சிரித்து முடித்துவிட்டுத்தான் பேச்சியம்மாளுக்குப் போன் போட்டேன். கரிவலம்வந்தநல்லூரில் பிறந்து, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர். மகளின் வளைகாப்புக்கு, தனக்கும் கூடப் பிறந்த ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி சேலை கேட்டிருந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"கடைசிப் பேருன்னு கேட்டுச்சும்மா. வீட்டுக்காரர் பேரைக் கேக்காகன்னு நெனச்சேன். அவுக போன வருசம் தவறிட்டாக. அதான் இல்லைன்னு போட்டேன்."

அவர் குரலில் குறை இல்லை, கோபம் இல்லை. படிவம் கேட்டது, பதில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அடுத்ததாக அவர் கேட்டது சேலையைப் பற்றித்தான்.

"வளைகாப்பு வார ஞாயித்துக்கெழம. அதுக்குள்ள வந்துருமாம்மா?"

வந்துவிடும் என்றேன். அன்று சாயங்காலமே, லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டு என் கையாலேயே விலாசம் எழுதி, விரைவுப் பார்சலில் அனுப்பினோம். திரும்பி நடக்கும்போது மாரிச்செல்வி பார்சல் ரசீதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் நின்று, "ஒரு சேலை போய்ச் சேருததுக்கு எதுக்குக்கா இவ்வளவு கேள்வி?" என்றாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஆபீசில் இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் போட்ட கட்டங்களைத்தான் நிரப்பினேன். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு, அப்பா பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அம்மாக்கள் என் மேஜை முன்னால் நின்றிருக்கிறார்கள். எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றுதான் நானும் சொல்லியிருக்கிறேன். கட்டத்தை மாற்ற எனக்கு அதிகாரம் ஏது? இங்கே... கோப்பு திறந்தே கிடக்கிறது. மாற்று என்கிறது.

மாற்றினேன். கடை மொத்தமும் வெள்ளைத் திரையாகிவிட்டது.

வரிக் கடைசியில் போட வேண்டிய ஒரு அரைப்புள்ளியை விட்டிருக்கிறேன்! அதைக் கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆனது. அப்புறம் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்தேன். டேபிளிலும் அந்த நிரல் காலியாக இருக்கலாம் என்று மாற்றினேன். கடைசிப் பெயர் போய், 'இனிஷியல், விருப்பம் இருந்தால்' என்று வந்தது. லேபிளில் பெயர் சரியாக அச்சாகிறதா என்று என் பெயரிலேயே நாலு தடவை ஆர்டர் போட்டுப் பார்த்தேன். நாலாவது தடவை ஒழுங்காக வந்தபோது, எழுந்து போய் எனக்கு நானே ஒரு காபி போட்டுக் கொடுத்தேன்.

பார்சல் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. ஞாயிறு மத்தியானம் பேச்சியம்மாள் ஒரு படம் அனுப்பினார். ஆறு மஞ்சள் சேலைகள் வரிசையாக, நடுவில் கை நிறைய வளையலோடு மகள். மாரிச்செல்வி அந்தப் படத்தைத் தறிக்கூடத்தில் ஒவ்வொருவரிடமும் காட்டிவிட்டு வந்தாள்.

படத்தைப் பார்த்த ஜெபா டீச்சர், அந்தத் திருத்தத்தை மென்பொருள் செய்தவர்களுக்கே அனுப்பச் சொன்னார். நாம் எடுத்தது அவர்கள் உழைப்பு, நம்மால் ஆனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்றார். எங்கோ இருக்கிற பெரிய மூளைக்காரர்களுக்குச் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு ரிட்டயர்டு கிளார்க் திருத்தம் அனுப்புவதா? கூச்சமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் ஊரில் பலருக்கு ஒரே பெயர்தான், அதில் குறை ஒன்றும் இல்லை என்று நாலு வரி எழுதி அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் இந்தோனேசியாவில் ஜாவாத் தீவுக்காரர். பெயர் வார்சிதோ. முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. அவர்கள் பக்கமும் நிறையப் பேருக்கு ஒரே பெயர்தானாம். இத்தனை காலமாக ஒவ்வொரு படிவத்திலும் வார்சிதோ வார்சிதோ என்று இரண்டு தடவை எழுதி வந்தாராம். தானே அந்த மென்பொருளுக்கு உழைத்தும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று எழுதியிருந்தார். திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பதிப்பிலிருந்து, அந்த மென்பொருளை எந்த நாட்டில் யார் இறக்கினாலும் அந்தச் சிவப்பு நட்சத்திரம் இருக்காது.

மாரிச்செல்விக்கு அந்தப் பதிலை வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்து முழுதும் கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அந்த ஊர்ல பொம்பளைய சேலை கட்டுவாகளாக்கா?"