கதவுக்குள் நின்ற மழை

என் வம்சத்துக்கு ஓட்டையைக் கண்டால் ஆகாது. அப்பா துறைமுகத்தில் சரக்குப் படகு ஓட்டியவர். படகின் அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் கசிந்தாலும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டு எழுந்து போவார். பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி அடைத்த பிறகுதான் மிச்சச் சோறு இறங்கும். நானும் கொஞ்ச காலம் அந்தப் படகில் கிடந்தேன். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய சமயத்தில் எங்கள் வேலை படுத்துவிட்டது. ராயபுரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் வந்து ஒட்டிக்கொண்டேன். படிப்பா? பள்ளிக்கூடத்துச் சுவர் எனக்கு நன்றாகத் தெரியும். வெளிப்பக்கம் மட்டும்.

பட்டறை மேஸ்திரி வண்ணாரப்பேட்டைக்காரர். எல்லோருக்கும் அவர் பாய்தான். வெற்றிலை போட்டுக்கொண்டு திட்டுவார்; திட்டு வாங்கியவன் யார் என்று அவன் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் சட்டையில் வெள்ளை இடம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஓர் ஐப்பசியில், லாரிகளுக்கு நடுவே அந்த வண்டி வந்து நின்றது. பந்தயத்துக்கென்றே செய்த கார். பச்சை நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம். மூக்கு அத்தனை நீளம்; மூக்கு ராயபுரத்தில் நின்றால் வால் காலடிப்பேட்டையில் இருக்கும். கப்பலேறி ஊருக்குப் போன துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனதாம். வாங்கியவர் காலடிப்பேட்டையில் குடியிருந்தவர், திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போர்மேன். நாங்கள் சார் என்போம்.

சார் கதவைத் திறந்து காட்டினார். கதவைச் சுற்றி ஓடிய ரப்பர், காய்ந்த கருவாடு மாதிரி வெடித்துக் கிடந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது.

"டேய், கை வெக்காதே. இன்னும் வேலையே ஒத்துக்கல," என்றார் பாய்.

"பாய், நீங்க ஒத்துக்கத்தான் வேணும்," என்றார் சார். "என் வூட்டுக்காரம்மா தாம்பரத்துல காச நோய் ஆஸ்பத்திரியில கீறாங்க. கொணமாயிடுச்சு, கூட்டிகினு போன்னுட்டாங்க. டாக்சிக்காரன் அந்த ஆஸ்பத்திரி பேரக் கேட்டாலே மீட்டர மூடிடறான். இந்த வண்டியிலதான் இட்டாரணும். வெளியில பேயற மழ பாதி உள்ளயும் பேயுது. நெஞ்சு கொணமான ஒடம்பு பாய். ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது."

பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவர் ஒத்துக்கொண்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

எந்த வழியாகத் தண்ணீர் வருகிறது என்று பார்க்க நான் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பாய் வெளியிலிருந்து வாளி வாளியாக ஊற்றினார். ஒன்று என் முதுகில், ஒன்று முழங்காலில், ஒன்று நேராகக் காதில் என்று அருவிகள் இறங்கின.

"எங்கடா வருது?"

"வராத எடத்தக் கேளு பாய், சுருக்கமா சொல்லிடறேன்."

சீமையிலிருந்து ரப்பர் வரவழைப்பதென்றால் ஒரு கப்பல் போய் இன்னொரு கப்பல் வர வேண்டும். அதற்குள் அடுத்த ஐப்பசியே வந்துவிடும். பாய் துறைமுகத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்து, உடைத்த கப்பல் ஒன்றின் ஜன்னல் ரப்பரைச் சுருளாகக் கொண்டுவந்தார். மலைப்பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வருவது போல இருந்தது. கடலையே வெளியில் நிறுத்திய ரப்பர், ஐப்பசி மழையை நிறுத்தாதா?

பழைய பசையை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினேன். பஞ்சர் ஒட்டும் சொலூஷனைத் தடவி, அது விரலில் பிசுபிசுக்கும்வரை காத்திருந்து, ரப்பரை அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டு போனேன். முடித்து எழுந்து கதவைச் சாத்தினால், அது மூட மாட்டேன் என்றது. ரப்பர் தடிமன். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சீவினேன். எங்கே சீவ வேண்டும் என்று கண்டுபிடிக்க ரப்பர் மேல் சாக்பீசைத் தேய்த்துக் கதவை மூடித் திறக்கச் சொன்னார் பாய். ரப்பர் அழுத்தமாக உட்கார்ந்த இடத்தில் எதிர்ப்பக்கம் வெள்ளைத் தடம் விழும். தடம் இல்லையென்றால் அங்கே சந்து. நான் முதன்முதலில் சாக்பீசைக் கையில் பிடித்தது அன்றைக்குத்தான். பாஸாகிவிட்டேன்.

அப்படியும் கடைசி ஒரு விரல்கடை தூரத்தில் கதவு முரண்டு பிடித்தது. உள்ளே யாரோ உட்கார்ந்து தள்ளுகிற மாதிரி. குனிந்து பார்த்தேன், யாருமில்லை. பேய் பிடித்த வண்டியை நம் தலையில் கட்டிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சாத்தினேன், பொத்தென்று மூடிக்கொண்டது. ஏற்றிவிட்டுச் சாத்தினேன், மறுபடி முரண்டு. உள்ளே இருந்தது காற்றுதான். வெளியே போக வழியில்லாமல் கதவைத் தள்ளியிருக்கிறது. இது புரிந்ததும் எனக்கு ஒரே குஷி. ஏற்றுவதும் இறக்குவதும் சாத்துவதுமாக விளையாடிக்கொண்டே இருந்தேன்.

"கதவு வெச்ச கார இப்பத்தான் பாக்கறியா? வேலையப் பாருடா, பேமானி," என்று ஒரு குரல் வந்தது. சட்டையில் புதிதாக ஒரு புள்ளியும் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ரப்பர் அடிப்பக்கம் ஒட்டிவிட்டதா என்று பார்க்கத் தரையில் படுத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னதாக ஓட்டைகள். இந்தக் கதவிலும் இருந்தன, அந்தக் கதவிலும் இருந்தன. துருப்பிடித்து விழுந்தவையா என்று தடவினேன். இல்லை, சுத்தமாகத் துளைத்தவை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு அழகாக வண்டி செய்தவன் அடியில் போய் ஓட்டையை விட்டு வைத்திருக்கிறானே! சாலையில் தேங்கும் தண்ணீரெல்லாம் இப்படித்தானே ஏறும்? சீமைக்காரன் தூக்கக் கலக்கத்தில் செய்திருப்பான், நல்லவேளை நான் பார்த்தேன் என்று ஓடினேன். பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் வாங்கிவந்து, பட்டறை அடுப்பிலேயே காய்ச்சி, ஓர் ஓட்டை விடாமல் அடைத்தேன். அப்பா பார்த்திருந்தால் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டிருப்பார்.

பாய் திரும்பி வந்து மூக்கை உறிஞ்சினார். "இன்னாடா வாசன?"

"சாம்பிராணி போட்டேன் பாய். வெள்ளிக்கெழமையாச்சே."

மறுபடி வாளிப் பரீட்சை நடந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. பாய் என்னைத் திட்டவில்லை. அவர் பாராட்டுவது அப்படித்தான்.

பட்டறைக்குள் லாரிகள் நிறைந்திருந்ததால் கார் தெருவிலேயே நின்றது. இரவெல்லாம் மழை கொட்டியது. காலையில் சார் வந்தார். முகத்தை மழித்து, கோட்டு போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். சீட்டைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"பீச் ஸ்டேஷன் வரைக்கும் கூட வாப்பா. எங்கியாவது ஒழுவுதான்னு பாத்துட்டு அங்க எறங்கிக்கோ."

சார் வீட்டு அம்மா உட்கார வேண்டிய சீட்டில் நான் உட்கார்ந்தேன். ராயபுரமே என்னைப் பார்க்க வேண்டும் என்று தலையை நிமிர்த்தினேன். அந்த மழையில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு சத்தம். குளக். திரும்பும்போது இன்னொரு குளக்.

"இன்னாப்பா அது?"

"பெட்ரோலா இருக்கும் சார்," என்றேன், பெரிய எஞ்சினீயர் மாதிரி.

ஆனால் சத்தம் என் பக்கத்துக் கதவிலிருந்து வந்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ நீந்துகிற மாதிரி இருந்தது. இதென்னடா கூத்து என்று காதை இன்னும் அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து மூட்டை வண்டி ஒன்று குறுக்கே வர, சார் பிரேக்கை மிதித்தார். கண்ணாடி சுற்றும் கைப்பிடியின் அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு என் மடியில் பாய்ந்தது. சீட்டுக்குப் போக வேண்டியதில் முக்கால்வாசியை என் வேட்டி வாங்கிக்கொண்டது.

சார் வண்டியை ஓரம் கட்டினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இந்த சீட்லதாம்பா அவ ஒக்காரணும்," என்று மட்டும் சொன்னார்.

இறங்கிக் கதவைப் பார்த்தேன். மழை கண்ணாடியில் வழிந்து, கண்ணாடி இறங்குகிற அந்தச் சந்துக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. எந்த ரப்பர் போட்டாலும் அங்கே கொஞ்சம் போகத்தான் செய்யும். கண்ணாடி ஏறி இறங்க வேண்டுமே. உள்ளே போன தண்ணீர் எங்கே போகும்? கீழே போகும். கீழே போனால்? என் குங்கிலியம் வழிமறித்து நிற்கிறது. இரவெல்லாம் பெய்த மழையைக் கதவு குடித்துவிட்டு வயிறு ஊதி நிற்கிறது. சீமைக்காரன் தூங்கவில்லை. வண்டிக்கும் படகுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவன்தான் ராயபுரத்தில் விழித்திருந்திருக்கிறான்.

"சார், கம்பி ஏதாவது கீதா? கூர்மையா?"

அவர் டாஷ்போர்டு டப்பாவைத் துழாவி ஒரு கொண்டை ஊசியை எடுத்தார். அம்மாவுடையது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று அவர்கள் கழற்றி வைத்ததாம். அதன்பிறகு யாரும் தொடவில்லையாம். அதைக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. பிறகு கொடுத்தார்.

சாலைத் தண்ணீரில் மல்லாந்து படுத்து ஊசியால் குத்தினேன். நான் செய்த வேலைகளிலேயே உருப்படியாகச் செய்தது அந்த அடைப்புதான் போலிருக்கிறது. வரவே மாட்டேன் என்றது. குத்திக் குடைந்து ஒன்று விட்டதும் தண்ணீர் நேராக என் வாயில் இறங்கியது. ரப்பரும் குங்கிலியமும் மழையும் கலந்த ருசி. இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து அந்தப் பக்கத்துக் கதவையும் முடித்து எழுந்தபோது, சார் தன் புதுக் கோட்டைக் கழற்றி அதைக்கொண்டு சீட்டை ஒற்றிக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒழுவுது சார். நல்லா ஒழுவுது. இனிமே பயமில்ல," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிளம்பினார். நான் நடந்தே பட்டறைக்கு வந்தேன். கதையைக் கேட்ட பாய்க்கு வெற்றிலை புரையேறியது.

"கார்ல வல போட்டா மீன் கெடைக்கும்னு பாத்தியாடா?" என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்தேன். காது மட்டும் தெருவில் இருந்தது. சீட்டு காய்ந்திருக்குமா? மிச்சம் இருந்த தண்ணீர் வழியில் பாய்ந்திருக்குமா?

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த நீள மூக்கு வாசலில் வந்து நின்றது. மழை விடவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அவர்கள் கை வெளியில், முழங்கை வரை நனைந்து கிடந்தது.

"நீதான் ரப்பர் போட்டவனா நைனா?" மெலிந்த முகம். குரல் மட்டும் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்.

"ஆமாம்மா. கண்ணாடி ஏற மாட்டேங்குதா?"

"ஏறுது, ஏறுது. நான்தான் எறக்கிகினு வரேன். நீ போட்ட ரப்பர்ல எறும்புகூட நொழையாது போல கீது. மூச்சு முட்டுது."

"தாம்பரத்துலேந்து சொல்லிகினு வரேன், கேக்க மாட்டேங்கறா," என்றார் சார்.

"இன்னாத்தக் கேக்கறது? எங்க வார்டுக்கு ஒரு பக்கம் சொவரே கெடையாது. மழன்னாலும் பனின்னாலும் அப்டியே படுத்துகினு கெடந்தோம். காத்துதான் மருந்துன்னாங்க டாக்டருங்க. இவரு வெயில்ல வந்து ஆரஞ்சு குடுத்துட்டுப் போற ஆளு, இவருக்கு இன்னா தெரியும்?"

பாய் பட்டறைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்காமல் கதவுக்கு முன்னால் குந்தினேன். பாதி இறங்கிய கண்ணாடி வழியாகத் தாம்பரத்து மழையெல்லாம் கதவுக்குள்தானே போயிருக்கும்? அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் நூல் பிடித்த மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் மடி, கால், சீட்டு எல்லாம் காய்ந்தே இருந்தன.

"அங்க இன்னா தேடற?" என்று மேலிருந்து கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி ஒயுங்கா போவுதான்னு பாத்தேன்."

"ஆமா, இந்த டப்பாவுல என் கொண்ட ஊசி இருந்திச்சே?"

அது காலையிலிருந்து என் காதில் செருகியிருந்தது. வளைந்து, குங்கிலியம் பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. எடுத்து நீட்டினேன். வாங்கி மோந்து பார்த்தார்கள், சாரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். முடியைச் சுருட்டி அதையே குத்திக்கொண்டார்கள்.

வண்டி காலடிப்பேட்டைப் பக்கம் திரும்பியது. தெரு முனை வரை அதன் கதவடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. ஓர் ஒழுகலைப் பார்த்து எங்கள் வம்சத்தில் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நான்தான்.