நைலான் தோல்

சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நான் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள், முச்சந்தியில் சுற்றிப் போட்டு உடைத்த பூசணிக்காய் மேல் ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு போகிறவள், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவேன். இது பேய்க் கதையும் இல்லை. என்ன கதை என்று எனக்கே தெரியாது. சொல்லும்போதே குமட்டும், அது மட்டும் தெரியும்.

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் சின்ன டிராவல் கம்பெனி, அதில்தான் வேலை பார்த்தேன். மலையேற்றம், பனிச்சறுக்கு என்று ஆட்களை அனுப்புவோம். அந்த வருடம் முதலாளி மஞ்சுநாத்துக்குப் பெரிய ஆசை வந்துவிட்டது, கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்கு ஸ்ப்ளிட்போர்டு பயணம். ஊரே இல்லாத இடம், படகில் போய் இறங்கி, கூடாரம் போட்டு, பனிக்கரடி வருகிறதா என்று முறை வைத்துக் காவல் இருக்க வேண்டும். படகு, சாப்பாடு, அங்கே கூட்டிப்போகிற யோஹான் என்ற வழிகாட்டி, எல்லா ஏற்பாடும் என் தலையில்.

ஸ்ப்ளிட்போர்டு என்றால் ஒன்றுமில்லை, பனியில் சறுக்குகிற பலகை நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு நடந்தே மலை ஏறலாம், உச்சியில் இரண்டையும் சேர்த்துப் பூட்டிச் சறுக்கி இறங்கலாம். ஏறும்போது வழுக்காமல் இருக்க அடியில் நீளமாக ஒரு பட்டை ஒட்டுவார்கள், ஒரு பக்கம் பசை, மறுபக்கம் பின்னோக்கிப் படிந்த முடி. அதற்குப் பெயர் ஸ்கின். அந்தக் காலத்தில் கடல்நாயின் தோலிலேயே செய்தார்களாம். இப்போது எல்லாம் நைலான், தொழிற்சாலையில் செய்வது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நைலான்.

மஞ்சுநாத் இருக்கிறாரே, கஞ்ச மகாபிரபு. ஐரோப்பாவில் ஏதோ கிளப்பை மூடுகிறார்கள் என்று அவர்களுடைய பழைய சாமான்களை மொத்தமாக வாங்கிவிட்டார். பெட்டி வந்த அன்று ஸ்கின்கள் இருந்த பையைத் திறந்தேன் பாருங்கள், சிவாஜிநகரில் மீன்கடைகளைக் கழுவிவிட்ட தண்ணீர் வெயிலில் தேங்கிக் கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நாற்றம்.

"அது பசை வாசனை மா ஜெசி, மாடியில போட்டு ஒணக்கு, சும்னே மூஞ்சி சுளிக்காதே" என்றார். அவர் கன்னடக்காரர், என்னிடம் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார், சும்னே என்றால் சும்மா.

மொட்டை மாடிக் கொடியில் எல்லாவற்றையும் தொங்கவிட்டுவிட்டு வந்தேன். மார்ச் மாத வெயில், சுள்ளென்று காய்ந்தது. சாப்பிட்டுவிட்டு மேலே போனால் மற்றதெல்லாம் மொடமொடவென்று காய்ந்திருக்கிறது, ஒரே ஒரு பட்டை மட்டும் ஈரம். தண்ணீர் ஈரம் இல்லை, மஞ்சளாகக் கொழகொழவென்று ஏதோ ஒன்று நுனியில் திரண்டு சொட்டுகிறது. அதன் அடியில் பேக்கரிப் பூனை. நக்குகிறது என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால், நம்பினால் நம்புங்கள், அது பின்னங்காலில் நின்றுகொண்டு முன்னங்கால் இரண்டாலும் பட்டையை மாற்றி மாற்றி அமுக்கி, கண்ணை மூடி, குட்டி தாயிடம் பால் குடிக்கிற மாதிரி சப்பிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த பூனை.

பூனையை விரட்டிவிட்டுப் பட்டையைத் தொட்டேன். சூடு. வெயில் சூடாக இருக்கும் என்று தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ரொம்ப நேரம் கழித்துத் தொட்டேன், அப்போதும் அதே சூடு, காய்ச்சல்காரன் கழுத்தைத் தொட்டால் இருக்குமே அந்தச் சூடு. முடியை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்த்தேன். ஈ உட்கார்ந்தால் மாட்டின் தோல் ஓர் இடத்தில் மட்டும் வெடுக்கென்று சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது. என் விரலுக்கு அடியில்.

கத்தினேன். மஞ்சுநாத் ஓடிவந்தார், தொட்டார், சட்டென்று கையை இழுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அவருக்கும் தெரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தேனே.

"ஏனு இல்ல, ஒண்ணுமில்ல, பிளாஸ்டிக்தானே. சோப்பு போட்டுக் கழுவிடு. கார்த்திக்கிட்ட எதுவும் சொல்லாதே."

பூனையை விட, அந்தக் கொழகொழப்பை விட, இதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கார்த்திக் கிரீன்லாந்து போகிற குழுவுக்குத் தலைவர், ஐ.டி. கம்பெனிக்காரர், சாயங்காலம் பலகை பொருத்திப் பார்க்க வருவதாக இருந்தார். ஆள் நடமாட்டமே இல்லாத பனிமலையில் இதை நம்பித்தான் அந்த மனுஷன் காலை வைக்க வேண்டும். "நான் கழுவ மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். அவரே கழுவினார்.

கார்த்திக் வந்தார். வீடியோ அழைப்பில் யோஹான், எப்படி ஒட்டுவது, எப்படி உரிப்பது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கிறார். மஞ்சுநாத், ஒன்றுமில்லை என்று எனக்குக் காட்டவே, காய்ந்ததையெல்லாம் விட்டுவிட்டு அதையே எடுத்து கார்த்திக் கையில் கொடுத்தார். அவர் பலகையில் ஒட்டினார். உரிக்கப் போனால் வரவில்லை.

"பழைய பசை அப்படித்தான் இருக்கும், பலமா இழுங்க" என்றார் யோஹான்.

இழுத்தார். வெந்த தோலை உரிப்பதுபோல் நசநசவென்று வந்தது, கூடவே ஒரு சத்தம். முனகல். மூக்கால் அழுகிற மாதிரி, நீளமாக.

திரையில் யோஹான் நிமிர்ந்து பார்த்தார். "உங்க ரூம்ல நாய்க்குட்டி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

கார்த்திக் பட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குப்பைக் கூடையைத் தேடிப்போய் வாந்தி எடுத்தார். மஞ்சுநாத் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

எனக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ, கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பட்டையைக் குறுக்கே வெட்டிவிட்டேன். உள்ளே ரத்தமும் சதையும் இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒன்றுமில்லை. வெள்ளை நைலான் நூல், சுத்தமாகக் காய்ந்த நூல்.

"பாத்தியா? பிளாஸ்டிக். என் சாமானை வெட்டிட்டே, நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றார் மஞ்சுநாத்.

"நீங்க சொல்லாட்டியும் வரமாட்டேன் சார்" என்றேன்.

கார்த்திக் வாயைத் துடைத்துக்கொண்டே, "ட்ரிப் வேணாங்க, கேன்சல் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு என்னோடுதான் படி இறங்கினார். வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், சோப்பு நுரைக்கவே இல்லை.

யோஹானிடம் அப்புறம் பேசினேன். வீடியோவில் பார்த்தது சாதாரண நைலான் ஸ்கின்தான், ஆயிரம் பேர் வைத்திருக்கிறார்கள், அந்தச் சத்தத்தை மட்டும் இதுவரை எந்த ஸ்கின்னிலும் கேட்டதில்லை என்றார்.

சில மாதம் போனது. ஒருநாள் மத்தியானம் மஞ்சுநாத்திடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம். விமான நிலையத்தில் கிளம்பத் தயாராக வேறு ஒரு குழு, சாமான்களைத் தரையில் பரப்பி வைத்திருக்கிறார்கள். கீழே, "சும்னே பயந்தே. எல்லாம் நல்லா இருக்கு, போயிட்டு வராங்க" என்று எழுதியிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பட்டையும் இருந்தது. முழுசாக, ஒரே துண்டாக. தையலும் இல்லை, ஒட்டும் இல்லை. நான் வெட்டின இடத்தில் குறுக்கே ஒரு கோடு, அந்தக் கோட்டில் மட்டும் முடி இல்லை. ரோஜா நிறத்தில், பளபளவென்று, லேசாகப் புடைத்து, ஆறின காயத்தின் தழும்பு.