அச்சில் இல்லாத நிழல்

என் நோயின் முதல் அறிகுறியை நான் அச்சுக் கோளாறு என்றுதான் எழுதினேன். அதுவும் ஊரறிய, நாலு நாள் சண்டை போட்டு.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர் நான். வீடு புதுச்சத்திரத்தில். சின்ன வயதிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். மாதாமாதம் ஒல்லியாக வந்துகொண்டிருந்த ஒரு சூப்பர் ஹீரோ தொடரைத் திரட்டி, கெட்டி அட்டையில் முதல் தொகுப்பாக வெளியிட்டிருந்தார்கள். எங்கள் வாசகர் வாட்ஸ்அப் குழுவில் புத்தகம் கைக்கு வந்த அன்றே கருத்து எழுதிவிட வேண்டும். அதில் எப்போதும் நான்தான் முந்துவேன்.

பார்சலைப் பிரித்தேன். பக்கமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். வலது ஓரத்தில் புகை படிந்த மாதிரி ஒரு நிழல். "கதைக்கு நூறு மார்க், அச்சுக்கு முட்டை. மை தெறித்திருக்கிறது. இருபது வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறவன் சொல்கிறேன்" என்று எழுதினேன்.

என் பிரதி சுத்தமாக இருக்கிறதே என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். போட்டோ கேட்டார்கள், போட்டேன். "புள்ளி எங்கண்ணா?" என்றார்கள். எனக்குப் போட்டோவிலும் தெரிந்தது. வட்டம் போட்டுக் காட்டலாமென்றால், போடுவதற்குள் புள்ளி நகர்ந்துவிட்டது. செல்போன் மேல் பழியைப் போட்டேன்.

இரண்டாம் நாள், ஆத்தூரில் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் ஒரு வாசகி எழுதினார்: "அண்ணா, ஒரு கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பக்கத்தைப் பாருங்க. அப்புறம் இன்னொரு கண்ணை மூடிப் பாருங்க." எனக்குச் சுருக்கென்றது. என் கண்ணையா குறை சொல்கிறாய் என்று பதிலே போடவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம், யாரும் பார்க்காத நேரத்தில், இடது கண்ணை மூடினேன். நாயகனின் தலையைக் காணோம். வலது கண்ணை மூடினேன். பளிச்சென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல், அருமையான அச்சு.

மறுநாள் சேலத்தில் கண் மருத்துவமனை. டாக்டரம்மா விழித்திரை விலகல் (கண்ணின் பின்சுவரோடு ஒட்டியிருக்கும் மெல்லிய திரை பிரிந்து வருவது) என்றார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"புக்கு வந்ததுல இருந்துங்க."

அவருக்குப் புரியவில்லை. என் மனைவி சரசு முழுவதையும் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நடுப்பார்வை தரும் இடமும் பிரிந்துவிட்டதால், எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கோடு போட்டுப் பிழைக்கிறவனுக்கு அது போதாதா பயப்பட?

அறுவை செய்து, கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்தார்கள் (அது திரையை அழுத்திப் பிடித்து ஒட்ட வைக்கும்). பத்து நாள் குப்புறவே இருக்க வேண்டும். குமிழி கரையும்வரை ஏற்காடுகூட ஏறக் கூடாது. உயரத்தில் அது விரிந்து கண்ணில் அழுத்தம் ஏறிவிடுமாம்.

ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். தலையணை விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு தரையின் சிமெண்ட் வெடிப்பையே பார்த்துக் கிடந்தேன். காமிக்ஸைத் தொட்டே அறியாத சரசு, பக்கத்தில் உட்கார்ந்து தொகுப்பை வாசித்துக் காட்டினாள்.

"ஏனுங்க, இவனும் பறக்கறப்ப குப்புறத்தானுங்க கெடக்கறான். கழுத்து வலிக்காதா?"

அந்தத் தொகுப்புக்கு வந்த கருத்துகளிலேயே உருப்படியானது அதுதான்.

மூன்றாம் நாள் அவள் கடைக்குப் போன நேரம் தலையைத் தூக்கிவிட்டேன். புத்தகப் பக்கம் தெரிகிறதா என்று பார்க்கும் அரிப்பு. கறுத்த தண்ணீர் ஆடியதே தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷம் மாதக்கணக்கில் என்னைத் தின்றது.

குமிழி கரைந்து வெளிச்சம் வந்தது. எழுத்தும் வந்தது. ஆனால் வலது கண்ணில் நேர்கோடு வளைந்தது. படக்கட்டங்களின் ஓரம் ஈரத்தில் ஊறிய பலகை மாதிரி நெளிந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் டாக்டரம்மாவிடம் அந்த நிமிஷத்தைச் சொன்னேன்.

"அந்த ஒரு நிமிஷத்தால ஒண்ணும் ஆகலைங்க" என்றார். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே, "அந்த நாலு நாள்தான்" என்றார்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். எதைக் குறை சொல்வதற்கு முன்பும், ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.

பட்டறைக்குப் போகிறேன். லாரியில் வண்ணப் பட்டை இழுக்கும்போது ஓரத்தில் டேப் ஒட்டி, இடது கண்ணை நம்பி வேலை செய்கிறேன். குழுவில் திருத்தம் போட்டேன்: "முதல் தொகுப்பின் அச்சில் குறையில்லை. குறை என் கண்ணில். இப்போது நேர்கோடே வளைந்து தெரிகிறது." ஆத்தூர்க்காரர் கேலி செய்யவில்லை. "கோடு இப்ப எப்படியிருக்குண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் தொகுப்பு போன வாரம் வந்தது. எல்லோரும் கருத்து எழுதி முடித்துவிட்டார்கள். நான் இன்னும் பதினோராம் பக்கத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணுக்கு ஒரு தடவையாக இரண்டு தடவை வாசிக்கிறேன். இடது கண்ணில் நாயகன் நிமிர்ந்து நிற்கிறான். வலது கண்ணில் அவன் இடுப்பு இன்னமும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. நேற்றைவிடக் குறைவா என்று மறுபடி கண்ணை மாற்றிப் பார்க்கிறேன்.