துடைப்பத்தில் கட்டிய டியூப்

விபத்துக்குப் பிறகு நான் மனிதனாக ரொம்பவே வளர்ந்துவிட்டேன் என்று சேலையூரில் எங்கள் தெருவே சொல்கிறது. இருக்கலாம். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் இன்னும் வளரவில்லை.

திருமுடிவாக்கத்தில் தகடு வளைக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அங்கே பவர் பிரஸ் என்று ஒரு மெஷின். மேலிருந்து இறங்கி ஒரே அடியில் தகட்டை வளைத்துவிடும். அதற்கு இரண்டு பட்டன், கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது என்பது அதை வடிவமைத்தவரின் நம்பிக்கை. பாவம், அவர் எங்கள் ஷெட்டுக்கு வந்ததில்லை. நாங்கள் ஒரு பட்டனை அழுத்திய நிலையிலேயே சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவோம். ஒரு கை தகட்டை உள்ளே வைக்கும், இன்னொரு கை மிச்சமிருக்கும் பட்டனைத் தட்டும், உருப்படி மளமளவென்று விழும். ஆய்வுக்கு யாராவது வந்தால் வாட்ச்மேன் போன் செய்வார். அவர்கள் கேட்டிலிருந்து ஷெட்டுக்கு நடந்து வருவதற்குள் எல்லா டியூப்பும் அவரவர் பாக்கெட்டுக்குப் போயிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் கட்டுப்பாட்டை யாரும் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு ஆபரேட்டர் மச்சினி கல்யாணத்துக்கு லீவு. சரக்கு ஏற்ற லாரி வாசலில் நின்றது. நானே உட்கார்ந்தேன். இடது பக்கப் பட்டனில் டியூபை நானே கட்டினேன், அதுவும் நல்ல நேர்த்தியாக. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒரு முறை, இடது கை வெளியே வருவதற்குள் வலது கை அவசரப்பட்டுவிட்டது.

அடுத்து நடந்ததை இன்றுவரை நினைக்க எனக்கே கூசுகிறது. நான் கத்தவில்லை. என் வலது கை டியூபை உருவிப் பேன்ட் பாக்கெட்டுக்குள் போட்டது. அதற்குப் பிறகுதான் கத்தினேன். இத்தனை வருஷப் பயிற்சி வீண் போகவில்லை.

ஓடி வந்து மெயினை அணைத்தவர் எங்கள் ஃபிட்டர். மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. என்னைவிட வயதில் மூத்தவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். தன் சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றி, ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் முதலாளி வந்தார். கட்டில் பக்கம் குனிந்து, மெஷின் தானாக இரண்டாவது தடவை இறங்கிவிட்டதா என்று கேட்டார். கேள்வி மாதிரி இருந்தது, ஆனால் பதிலையும் அவரே கொண்டுவந்திருந்தார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், ஒரு வார்த்தைகூடச் செலவாகவில்லை. மெஷின் தானாக இறங்கினால் அது அதைப் பராமரிப்பவரின் தப்பு. அந்த வாரமே ஃபிட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வீட்டில் ஒரே உபசாரம். சாத்துக்குடி வாங்கி வந்தவர்கள் எல்லாரும் கூடவே ஒரு தத்துவமும் வாங்கி வந்தார்கள். எதிர்வீட்டுக்காரரின் உறவுக்காரர் ஒருவருக்குக் கால் போன பிறகுதான் மூன்று மாடி வீடு கட்ட முடிந்ததாம். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி என் காலைப் பார்த்தாள். சர்ச்சுக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா, இதற்குப் பின்னால் ஒரு பெரிய திட்டம் இருக்கிறது என்றார். என் மச்சான் தினமும் காலையில் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் பட்டாம்பூச்சியின் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒரே பட்டாம்பூச்சிதான், பாட்டு மட்டும் மாறும்.

நானும் சும்மா இருக்கவில்லை. நாள் முழுக்க யோசித்தேன். ஏன் எனக்கு இப்படி ஆனது? லீவு போட்ட ஆபரேட்டரால். கல்யாணம் வைத்த அவன் மாமனாரால். அவசரப்படுத்திய லாரிக்காரரால். பொறுப்பானவர்கள் பட்டியல் மனசுக்குள் நீண்டுகொண்டே போனது, சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் புதுசு புதுசாக ஆள் சேர்ந்தார்கள். என் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. ஞாபகமறதிதான், வேறென்ன.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். இந்த முணுமுணுப்பைத் தாங்க முடியாமல், குரோம்பேட்டையில் மனநல ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலரிடம் சேர்த்துவிட்டாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவளாக இருப்பாள் அந்தப் பெண். எண்ணம் இரண்டு விதம் சார், என்று ஆரம்பித்தாள். ஒன்று கூப்பிடாமலே வந்து சுற்றிச் சுற்றி வருவது. இன்னொன்று நாமாக உட்கார்ந்து, என்ன நடந்தது, என் பங்கு என்ன, இனி என்ன என்று யோசிப்பது. பெரிய அடிக்குப் பிறகு முதல் ரகத்திலேயே கிடந்தால் புண் ஆறாதாம், வளர்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதற்கு மாறியவர்களாம். சரிங்க மேடம் என்றேன். கையில் ஒரு நோட்டைக் கொடுத்தாள். பக்கத்துக்கு மூன்று கட்டம்: எண்ணம், உணர்வு, ஆதாரம்.

முதல் இரண்டு கட்டங்களைப் பிரமாதமாக நிரப்பினேன். எண்ணம்: மெஷின் பழுது. உணர்வு: கோபம். ஆதாரம் என்ற கட்டம் வாராவாரம் காலியாகவே போனது. அந்தப் பெண் நோட்டை வாங்கிப் பார்ப்பாள். காலிக் கட்டத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி மட்டும் வைத்துத் திருப்பித் தருவாள்.

ஆதாரம் இல்லாமல் என்ன, வீட்டிலேயே இருந்தது. ரத்தம் பட்ட பேன்ட்டைத் துவைத்தபோது என் மனைவி பாக்கெட்டிலிருந்து டியூபை எடுத்து, இது எதுக்கு என்று கேட்டிருந்தாள். சும்மா, எதையாவது கட்ட, என்று சொன்னேன். சிக்கனக்காரி. அவிழ்ந்து கிடந்த துடைப்பத்தை அதனால் இறுக்கிக் கட்டிவிட்டாள். தினமும் காலையில் என் பொய்யை வைத்து என் வீட்டைப் பெருக்கினாள். நானும் காலைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டேன்.

வேலைக்குத் திரும்பியதும் என்னைப் பிரஸ் பக்கம் விடாமல் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். பாதுகாப்பு வாரம் வந்தது. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, இவர்தான் நம் நம்பிக்கை நாயகன், இனிமேல் நம் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று முதலாளி அறிவித்தார். நான் மைக்கைப் பிடித்து, மெஷின் என் விரலைத்தான் எடுத்தது, மனசை எடுக்க முடியவில்லை என்றேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. தட்டியவர்களில் பாதிப் பேர் பாக்கெட்டில் டியூப் இருந்தது.

கவுன்சிலரிடம் ரயிலில்தான் போவேன். மூன்று விரலோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டப் பயம். பைக்கை விற்றுக் கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கி, அதைத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் நிறுத்துவேன். பாராட்டு விழா முடிந்த வாரம், அங்கே டோக்கன் கொடுக்கப் புதிதாகச் சேர்ந்திருந்தவர் எங்கள் ஃபிட்டர்.

திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் அவரே வந்து என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தையல் நல்லா ஆறிடுச்சு சார், என்றார். இங்கே எப்படி, வேறு கம்பெனி கிடைக்கவில்லையா என்று அபத்தமாகக் கேட்டேன். கிடைத்ததாம். அவர்தான் போகவில்லையாம்.

"பிரஸ்ஸ எறக்குற கிளட்ச்சு, முந்தின நாளுதான் கழட்டி மாட்டினேன் சார். எங்க வுட்டேன்னே தெரியல. எந்நேரமும் அதயே நெனச்சிகினு கீறேன். இப்ப வூட்ல பொண்ணு சைக்கிள்ல செயின் கயண்டாகூட நான் கை வெக்கிறதில்ல. நான் தொட்டா யாருக்கு இன்னா ஆவுமோன்னு பேஜாரா கீது."

எட்டு மாதமாக. நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டு ஊரில் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்த எட்டு மாதமும், அந்த மனிதர் ஒரே ஒருவரை மட்டும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் டோக்கனை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வெட்கத்தில் முகம் எரிந்தது. அன்றைக்கு அந்தப் பெண் நோட்டைக் கேட்டபோது, மறந்து வைத்துவிட்டேன் என்றேன். பைக்குள்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் துடைப்பத்திலிருந்து டியூபை அவிழ்த்தேன். குச்சியெல்லாம் கூடம் முழுக்கச் சிதறியது. என் மனைவி வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் கீழே உட்கார்ந்து குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். இத்தனை நாள் இதைப் பிடித்துத்தானே பெருக்கினேன், என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டாண்டுக்குப் போய் டியூபை ஃபிட்டர் கையில் கொடுத்தேன். இது என் பாக்கெட்டில் இருந்தது, அன்றைக்கு இடது பட்டனில் நான் கட்டியது, மெஷின் தானாக இறங்கவில்லை, என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். வருகிற வழியெல்லாம் நல்ல நல்ல வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். மேடையாக இருந்திருந்தால் நன்றாகப் பேசியிருப்பேன்.

அவர் ஒரு நல்ல ஃபிட்டர் பார்ப்பது மாதிரியே அதைப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். முடிச்சு விழுந்த இடத்தை விரலால் தடவினார். இரண்டு பைக் வந்தன. போய் டோக்கன் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வூட்டுக்கு வா," என்றார். 'சார்' என்பது போய்விட்டது. "என் பொண்டாட்டிகிட்ட சொல்லு. உன் வாயால சொல்லு. அவளும் நான்தான்னு நெனச்சிகினு கீறா."

மறுநாள் முதலாளியிடமும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, உனக்கு மனசு சரியில்லை, கொஞ்ச நாள் லீவு எடு என்றார். பாதுகாப்புப் பொறுப்பு அன்றே போனது. நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார், இன்றுவரை அது வெளியே வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. ஞாயிற்றுக்கிழமை மாலை நான் ஃபிட்டரின் வீட்டுக்குப் போனேன்.

கிஷ்கிந்தா ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில், ஒரே அறை வீடு. அந்த அம்மா எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். ஸ்டாண்டில் சொன்னதையே, ஆனால் இந்த முறை மெதுவாக. அவர் என் கையைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவுரு சரியாத்தான் பாத்தாரா?"

"சரியாத்தான் பார்த்தார்மா."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அங்கே நிற்க இடமில்லை. வெளியே வந்தேன்.

வாசலில் ஃபிட்டர், தன் மகளுடைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துக் குந்தியிருந்தார். பக்கத்தில் துருப்பிடித்த டூல் பெட்டி திறந்திருந்தது. பின்சக்கரத்தின் நட்டைப் பிடித்தபடி, நிமிர்ந்து பார்க்காமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டி, பதினஞ்சு ஸ்பேனரை எடு என்றார். பெட்டியில் தேடி எடுத்துக் கொடுத்தேன். இடது கையால்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, அவர் நட்டைத் தளர்த்த ஆரம்பித்தார்.